கோவா செல்பவர்கள் கவனத்துக்கு

வணக்கம் நண்பர்களே. கோவா அயர்ன்மேன் 70.3 போட்டிக்கு இன்னும் ஆறு வாரம்தான். 1.9 கி.மீ. நீச்சல், 90 கி.மீ. சைக்கிள், 21.1 கி.மீ. ஓட்டம், மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக. தூரம் நமக்குப் பழகிவிட்டது. அங்கே ஆளைச் சாய்ப்பது புழுக்கம்தான். போன முறை ஓட்டத்தின் 14-வது கிலோமீட்டரில் கண் இருட்டிக்கொண்டு வந்து, சாலையோரம் உட்கார்ந்துவிட்டேன். பனியன் முழுக்க உப்பு வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தது. நான் குடித்ததோ வெறும் தண்ணீர்; வியர்வையில் போன உப்பை அது ஈடுகட்டாது.

அதனால் இந்த ஞாயிறு எல்லோரும் வியர்வைக் கணக்கு எடுத்துவிடுவோம். கிளம்பும் முன் ஒரு முறை, முடித்ததும் துடைத்துக்கொண்டு ஒரு முறை எடை பாருங்கள். குறைந்த எடையோடு குடித்த அளவையும் கூட்டினால், எவ்வளவு வியர்த்தது என்று தெரியும். எடை மெஷின் நான் கொண்டுவருகிறேன்.

காலை 4.45-க்குத் திருவான்மியூரில் கிளம்பி, ஈசிஆரில் மாமல்லபுரம் வரை போய்த் திரும்புகிறோம். சைக்கிளை வைத்த கையோடு 5 கி.மீ. ஓட்டம். அப்புறம், முன்னால் போகிறவர் சக்கரத்தை ஒட்டியே ஓட்டும் பழக்கத்தை இப்போதே விடுங்கள். போட்டியில் 12 மீட்டர் இடைவெளி வேண்டும்; முந்துவதற்கு 25 வினாடிதான். மீறினால் 5 நிமிடம் நிறுத்திவைப்பார்கள்.

சனிக்கிழமை கடல் நீச்சல் உண்டு. மீனவ அண்ணன்கள் வேண்டாம் என்று சொன்னால் அன்று நீச்சல்குளம்தான், அதில் பேச்சே இல்லை.

வருகிறவர்கள் வெள்ளி இரவு 8 மணிக்குள் பெயர் போடுங்கள்.