சிறப்புக் குழந்தைகளுக்கு வெடிச்சத்தமில்லாத தீபாவளித் திடல் அமைத்துத் தரக் கோரிக்கை மனு

அனுப்புநர்:
சிறப்புக் குழந்தைகளின் பெற்றோர்,
காரைக்குடி.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
சிவகங்கை.

பொருள்: தீபாவளியன்று சிறப்புக் குழந்தைகள் மத்தாப்பு கொளுத்தி மகிழத் தனித் திடல் ஒதுக்கவும், பட்டாசு நேரக் கட்டுப்பாட்டை உறுதிசெய்யவும் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சித் தலைவர் அவர்களுக்கு, வணக்கம்.

காரைக்குடியிலும் சுற்றுவட்டாரத்திலும் வசிக்கும் நாங்கள், ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு ஆகியவற்றுடன் வளரும் பிள்ளைகளின் பெற்றோர். பட்டாசைத் தடை செய்யுமாறு நாங்கள் கேட்கவில்லை. சிவகாசித் தொழிலை நம்பிப் பிழைக்கும் குடும்பங்களை நாங்கள் அறிவோம். எங்கள் பிள்ளைகள் ஆசைப்படும் கம்பி மத்தாப்பும் அங்கிருந்துதான் வருகிறது.

நமக்குப் பழகிப்போன வெடிச்சத்தம் இப்பிள்ளைகளில் பலருக்கு உடல் வலியாகவே இருக்கிறது. அதைவிடக் கொடியது, அடுத்த வெடி எந்நேரம் வெடிக்கும் என்று தெரியாத பதற்றம். எங்களில் ஒருவரின் ஒன்பது வயது மகன், தீபாவளிக்கு முதல் நாள் மாலையே பீரோவுக்கும் சுவருக்கும் இடையிலுள்ள சந்தில் இரு காதுகளையும் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறான். சாப்பிட அழைத்தாலும் வருவதில்லை. அதே பிள்ளை திருக்கார்த்திகையன்று அகல் விளக்குகளின் அருகிலிருந்து எழுந்திருக்க மறுக்கிறான். பண்டிகையின் வெளிச்சம் அவனுக்குப் பிடித்திருக்கிறது, சத்தம்தான் அவனை வீட்டுக்குள் விரட்டுகிறது. இத்தனை மணிக்குத் தொடங்கி இத்தனை மணிக்கு முடியும் என்று முன்கூட்டியே படம் காட்டிப் பழக்கினால், காதுக் கவசம் அணிந்து அந்த நேரத்தைக் கடந்துவிடும் பிள்ளைகளும் எங்களிடையே உண்டு.

ஆகவேதான் காலை 6 முதல் 7 வரை, இரவு 7 முதல் 8 வரை என்று தமிழ்நாட்டில் பட்டாசு வெடிக்க வகுக்கப்பட்ட நேரம் மற்றவர்களைவிட எங்களுக்கு முக்கியமானது. உச்ச நீதிமன்றத்தின் 2018ஆம் ஆண்டுத் தீர்ப்பைத் தொடர்ந்து வந்த இக்கட்டுப்பாடு, கடந்த தீபாவளியன்று எங்கள் தெருக்களில் நள்ளிரவு வரை மீறப்பட்டது. நேரம் மீறப்படும்போது, பிள்ளைக்கு நாங்கள் சொல்லிக்கொடுத்த அட்டவணை பொய்யாகி, அடுத்த முறை எங்கள் சொல்லையே அவன் நம்ப மறுக்கிறான். எனவே பண்டிகைக்கு ஒரு வாரம் முன்பிருந்தே வார்டுதோறும் ஒலிபெருக்கியில் இந்நேரத்தை அறிவிக்கவும், அன்றிரவு 8 மணிக்குப் பின் காவல்துறை ரோந்து வரவும் உத்தரவிட வேண்டுகிறோம்.

எங்கள் முதன்மையான கோரிக்கை திடல் பற்றியது. ஊர்கூடி ஓரிடத்தில் பட்டாசு வெடிக்கும் ஏற்பாட்டை ஆராயுமாறு அதே தீர்ப்பு கூறியிருக்கிறது. கல்வி நிலையங்களைச் சுற்றி 100 மீட்டரை அமைதி மண்டலமாக அறிவிக்க 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இடமளிக்கின்றன. பட்டாசுகளில் ஒலி எழுப்புபவற்றை மட்டுமே அம்மண்டலத்தில் அவ்விதிகள் தடுக்கின்றன. ஆதலால் காரைக்குடியில் பரந்த மைதானம் கொண்ட கல்வி வளாகம் ஒன்றைத் தீபாவளியன்று இரவு 7 முதல் 8 வரை எங்கள் பிள்ளைகளுக்கும் அவர்களுடைய உடன்பிறந்தோருக்கும் ஒதுக்கித் தர வேண்டுகிறோம். அங்கே கம்பி மத்தாப்பு, பென்சில், சாட்டை போன்றவை போதும். பாம்பு மாத்திரையின் புகையும் நெடியும் சில பிள்ளைகளுக்கு ஒவ்வாது என்பதால் அதையும் தவிர்க்கலாம். மணல் வாளி, தண்ணீர், தீயணைப்புத் துறையினரின் மேற்பார்வை, திடீரென மிரளும் பிள்ளையை அழைத்துச் சென்று அமர்த்த விளக்கொளி குறைந்த ஓர் அறை ஆகியவையும் தேவை. முன்னரே ஒருநாள் பிள்ளைகளை அழைத்துவந்து இடத்தைக் காட்ட அனுமதித்தால், அன்றைய தினம் புதிய இடம் என்ற மிரட்சி வெகுவாகக் குறையும். மத்தாப்புச் செலவைப் பெற்றோரே ஏற்றுக்கொள்கிறோம்.

மாற்றுத்திறனாளிகள் பண்பாட்டு வாழ்விலும் பொழுதுபோக்கிலும் மற்றவர்களுக்குச் சமமாகப் பங்கேற்க அரசும் உள்ளாட்சிகளும் ஆவன செய்ய வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 29ஆவது பிரிவு கூறுகிறது. வெடிச்சத்தமில்லாத தீபாவளி இம்மாவட்டத்துக்குப் புதிய பழக்கமும் அன்று. வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்துக்கு வரும் பறவைகள் மிரளக் கூடாதென்று கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் பல ஆண்டுகளாகப் பட்டாசு வெடிக்காமலே தீபாவளி கொண்டாடி வருகிறார்கள். அதற்கு நன்றியாக வனத்துறையினர் அவர்களுக்கு இனிப்பு வழங்குகிறார்கள். அந்த ஊர் மக்கள் ஆண்டு முழுவதும் காட்டும் பரிவில் ஒரு மணி நேரத்தை, ஒரே ஒரு மைதானத்தில், எங்கள் பிள்ளைகளுக்காகக் கேட்கிறோம்.

மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலர், மாநகராட்சி ஆணையர், காவல்துறை அதிகாரிகள் ஆகியோருடன் எங்களையும் அழைத்து, பண்டிகைக்கு ஒரு மாதம் முன்பாகவே இது குறித்துப் பேசி முடிவெடுக்குமாறு பணிவுடன் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
சிறப்புக் குழந்தைகளின் பெற்றோர்,
காரைக்குடி.