அம்மாவுக்குக் கரண்ட் வைத்தவர்களுக்கு

அம்மாவுக்கு 30-வது கரண்ட் போன வாரம் முடிந்தது. கதிர்வீச்சு சிகிச்சையை எங்கள் பக்கம் கரண்ட் வைப்பது என்றுதான் சொல்வோம். கிளம்பிய அன்று அவசரத்தில் பாதிப் பேரிடம் சொல்லிக்கொள்ளக்கூட முடியவில்லை, அதனால்தான் இந்த மடல்.

வெற்றிலையோடு புகையிலையைப் பல வருடம் அடக்கிவைத்த அதே கன்னத்தில்தான் அம்மாவுக்குப் புற்றுநோய் வந்தது. ஆபரேஷனுக்குப் பிறகு தினம் 2 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) வீதம் மொத்தம் 60 கிரே என்று முடிவானது. அதற்கு முன்பே ஆட்டம் கண்ட மூன்று பல்லை எடுத்துவிட்ட பல் டாக்டருக்கு முதல் நன்றி. கரண்ட் வைத்த தாடையில் பிறகு பல் பிடுங்கினால் எலும்பு ஆறாமல் போகலாம் என்று அம்மாவுக்குப் புரியும்வரை பொறுமையாகச் சொன்னார்.

கரண்ட் வைக்கும்போது தலை அசையாமல் பிடித்துக்கொள்ளும் மாஸ்க் செய்த அன்று, வெந்நீரில் இளக்கிய வலைத்தகடு முகத்தில் படிந்ததும் அம்மா பதறிவிட்டாள். “இட்லித் துணி போட்ட மாதிரிதாம்மா, இப்ப ஆறிடும்” என்று கையைப் பிடித்துக்கொண்டே நின்ற டெக்னீஷியன் அக்காவை மறக்க முடியாது.

தினமும் மாஸ்கைப் பூட்டியதும் மெஷின் ஒருமுறை சுற்றிவந்து ஸ்கேன் எடுக்கும். அதைத் திட்டம் போட்டபோது எடுத்த சிடி ஸ்கேன் படத்தோடு ஒட்டிப் பார்த்து, இரண்டு மில்லிமீட்டர் விலகியிருந்தாலும் மேஜையை நகர்த்தி, அப்புறம்தான் கரண்ட். 18-வது நாள் கதவு திறக்கவே நேரமாகிவிட்டது, வெளியே எனக்குக் கை கால் ஓடவில்லை. டெக்னீஷியன் அண்ணன், கதிர்வீச்சு அளவைக் கணக்கிட்டுத் திட்டம் போடும் பிசிசிஸ்ட்டைக் கூப்பிட்டிருக்கிறார். பிறகு என்னையும் அழைத்துத் திரையில் காட்டினார்கள்: பழைய கன்னத்தின் கோட்டுக்குள்ளே புதிய கன்னம் ஒடுங்கிக் கிடந்தது, நடுவில் கறுப்பாக ஓர் இடைவெளி. 54 கிலோ இருந்தவள் 48 ஆகியிருந்தாள். “மாஸ்குக்குள்ள தாடை ஆடுதுங்க. இப்படியே கொடுத்தா எச்சில் சுரப்பி மேல கூடுதலா விழும், தண்டுவடத்தையும் பார்க்கணும்” என்றார் பிசிசிஸ்ட்.

மேஜையைக் கொஞ்சம் நகர்த்தி அன்றைய கணக்கை முடித்திருந்தால் எங்களுக்கு எதுவும் தெரிந்திருக்காது. ஆனால் நிறுத்தினீர்கள். அன்றே புது மாஸ்க், புது சிடி, டாக்டர் மறுபடி ஒவ்வொரு படமாகக் கரண்ட் படவேண்டிய இடத்துக்கு எல்லை வரைந்தார், பிசிசிஸ்ட் இரவு வரை உட்கார்ந்து புதுத் திட்டம் போட்டார். நடுவில் ரொம்ப நாள் இடைவெளி விழக்கூடாது என்று விட்டுப்போன நாள்களைச் சனிக்கிழமைகளில் ஈடுகட்டினீர்கள். உங்கள் வீட்டுச் சனிக்கிழமைகள் அவை, எங்களுக்குத் தெரியும்.

வாயெல்லாம் வெந்துபோன நாள்களில் மூக்குக் குழாயில் கேழ்வரகுக் கஞ்சியை எவ்வளவு தண்ணியாகக் கரைத்து ஊற்றவேண்டும் என்று கற்றுத்தந்த நர்ஸம்மா, காப்பீட்டுக் கார்டுக்காக நான் அலைந்தபோது எந்த ஜன்னலுக்குப் போகவேண்டும் என்று கூடவே வந்து காட்டிய வாட்ச்மேன் ஐயா, உங்களுக்கும்.

அம்மாவுக்கு இன்னும் குழாயில்தான் சாப்பாடு. ஆனால் வாயில் ஈரம் இருக்கிறது. நேற்று இரண்டு ஸ்பூன் மோர் விழுங்கினாள். பேசினால் வலிப்பதால் சிலேட்டில் எழுதிக் காட்டுகிறாள்: மூன்று மாதம் கழித்து ஸ்கேனுக்கு வரும்போது அந்த அண்ணனுக்கும் அக்காவுக்கும் கைமுறுக்கு சுட்டு எடுத்துப் போகணுமாம்.