எந்தச் செல்லில் என்று கேள்

அன்புள்ள முருகேசா,

கடிதம் கிடைத்தது. கயல்விழி எம்.எஸ்சி. சேர்ந்த சேதியை வீட்டில் எல்லோரிடமும் சொன்னேன். உன் முழங்கால் வலி தேவலையா? மங்கையைக் கேட்டதாகச் சொல்.

"புற்றுநோய் மரபணு என்று இவள் படிக்கிறாளே, அதை அடக்கிவிட்டால் நோய் வராதுதானே?" என்று எழுதியிருந்தாய். பத்திரிகைகள் அப்படியொரு பட்டத்தை ஒட்டிவிடுவதில் எனக்கு நெடுநாள் கோபம் உண்டு. நாட்ச்1 என்ற மரபணுவை மட்டும் எடுத்துக்கொள். பழ ஈயின் இறக்கை ஓரம் வெட்டுப்பட்டதுபோல் இருந்ததைப் பார்த்து நூறு வருஷத்துக்கு முன்பு வைத்த பெயர்; ஆங்கிலத்தில் நாட்ச் என்றால் வெட்டு. டி செல் என்ற வெள்ளணுவில் வரும் ஒருவகைக் கடும் ரத்தப் புற்றுநோயில், பாதிக்கும் மேற்பட்ட நோயாளிகளுக்கு இந்த மரபணு ஓயாமல் வேலை செய்யும்படி மாறியிருப்பதை 2004இல் கண்டார்கள். குழந்தைகளுக்கும் வருகிற நோய் அது. கெட்டது என்று முடிவு கட்டத் தோன்றும், இல்லையா?

ஆனால் அதற்கு முந்தைய வருஷமே, எலியின் தோலில் இதை நீக்கிப் பார்த்தவர்களுக்கு அங்கே கட்டிகள்தான் கிடைத்தன. 2011இல் தலை, கழுத்துப் புற்றுநோய்களை ஆராய்ந்தபோது, பலருக்கு இதே மரபணு பழுதாகிக் கிடந்தது. புகையிலை போடுகிற நம்மூர்க்காரர்களுக்கு வரும் வாய்ப்புற்றும் அந்த வகையில்தான் சேரும். வளரும் டி செல்லிடம் 'பெருகு' என்று சொல்கிற நாட்ச், தோல் செல்லிடம் 'பெருகியது போதும், முதிர்ந்துகொள்' என்கிறது. அந்த மரபணு உண்டாக்குவது ஒரே புரதம்தான். கேட்கிற செல் வேறு.

இதற்கு மனிதர்கள் விலை கொடுத்திருக்கிறார்கள். அல்சைமர் நோய்க்கு செமகசெஸ்டாட் என்ற மருந்தைச் சோதித்தார்கள். மூளையில் ஒரு பெரிய புரதத்தை வெட்டி, அந்த நோயாளிகளின் மூளையில் படியும் அமிலாய்டு என்ற துண்டை உண்டாக்கும் நொதியை அது தடுக்கும். நாட்ச் புரதத்தை வெட்டிவிட்டு, அதை வேலைக்கு அனுப்புவதும் அதே நொதிதான். மருந்து சாப்பிட்ட முதியவர்களுக்கு நினைவாற்றல் இன்னும் மோசமானது, தோல் புற்றுநோயும் கூடுதலாக வந்தது. 2010இல் சோதனையை நிறுத்தினார்கள். யாருடைய அப்பா அம்மாக்களோ நம்பி விழுங்கிய மருந்து என்று நினைத்தால் மனசு கனக்கிறது.

ஆகவே, 'அடக்கிவிட்டால்' என்று பேச்சு வந்தால், எந்தச் செல்லில் என்று முதலில் கேட்கச் சொல் கயலிடம். பொங்கலுக்கு வரும்போது அவளிடமே நிறையப் பேச வேண்டும். என்ன பாடம் நடக்கிறது என்று எனக்குத் தனியாக எழுதட்டும்.

அன்புடன்,
ராஜு