லென்ஸில் கோளாறு இல்லை

அம்மாடி,

படங்கள் மங்கலாக வந்திருக்கின்றன, லென்ஸ் பழுதோ என்று கேட்டு நீ அனுப்பிய கல்யாணப் படங்களைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்துவிட்டேன். லென்ஸில் கோளாறு எதுவும் இல்லை. சர்வீஸுக்குக் கொடுக்காதே, காசு மிச்சம்.

கேனானின் டிபிபி மென்பொருளில் ராவ் படத்தை, அதாவது கேமரா பதிந்த மூலப் படத்தைத் திறந்து ஏஎஃப் (ஆட்டோ ஃபோகஸ்) பாயிண்டைக் காட்டச் சொன்னால், எந்தப் புள்ளியில் ஃபோகஸ் பிடித்தது என்று படத்தின் மேலேயே காட்டும். மாப்பிள்ளை அழைப்புப் படங்களில் எல்லாம் புள்ளி முகத்தில்தான் இருக்கிறது. மறுநாள் காலையில் பெண் மணவறைக்கு வரும் படத்திலிருந்து புள்ளியே இல்லை. பக்கத்தில் தகவல் பகுதியைப் பார்த்தால் மேனுவல் ஃபோகஸ் (எம்எஃப்), அதாவது கையால் திருப்பிப் பிடிக்கும் முறை என்று இருக்கிறது. தாலி கட்டி முடித்து, பந்திக்குப் போகிற வரைக்கும் அப்படியே ஓடியிருக்கிறது. 70-200 லென்ஸை இடுப்போரம் தொங்கவிட்டு, கையில் இன்னொரு கேமராவோடு நீ ஓடியிருப்பாய். பையோ பெல்ட்டோ உரசி லென்ஸ் பக்கத்து ஸ்விட்ச் ஏஎஃப்-இலிருந்து எம்எஃப்-க்குப் போயிருக்கும். அவ்வளவுதான் விஷயம்.

'இனிமேல் கவனமா இரு' என்று சொல்ல மாட்டேன். கெட்டிமேளம் கொட்டும்போது, அட்சதை தலையில் விழும்போது, பின்னால் வீடியோக்காரர் தோளை இடிக்கும்போது யாரால் ஸ்விட்சைப் பார்த்துக்கொண்டிருக்க முடியும்? நீ கவனிக்க மறந்தாலும் மாறாதபடி கேமராவை முன்கூட்டியே கட்டிப்போட வேண்டும். அதைச் செய்யத்தான் ஆடி மாதம் இருக்கிறது. டெல்டாவில் ஆடியில் எவன் கல்யாணம் வைக்கிறான்? ஆவணி முதல் முகூர்த்தத்துக்கு முன்னால் உட்கார்ந்து செய்துவிடு.

நான் வேலை கற்றுக்கொண்ட ஸ்டுடியோவில் யாஷிகா மாட் 124ஜி இருந்தது. அதில் லென்ஸ் ஓரமாக எம், எக்ஸ் என்று ஒரு சின்ன நெம்பு. எம் என்பது பழைய பல்பு ஃபிளாஷுக்கு. பல்பு எரிந்து முழு வெளிச்சத்துக்கு வரக் கொஞ்சம் நேரம் ஆகும் என்பதால் ஷட்டர் சற்றுத் தாமதித்துத் திறக்கும். எலக்ட்ரானிக் ஃபிளாஷோ கண் இமைக்கும் முன் அடித்து ஓய்ந்துவிடும். நெம்பு எம்-இல் கிடந்தால் ஷட்டர் திறக்கும்போது வெளிச்சமே இருக்காது. ஃபிளாஷ் அடித்ததை எல்லோரும் கண்ணால் பார்த்திருப்பார்கள், ரோலைக் கழுவினால் இருட்டு. உடனே பார்க்க இன்றைக்குப் போலத் திரை கிடையாது. எங்கள் முதலாளி புதுக் கேமரா வந்த அன்றே அந்த நெம்பை எக்ஸ்-இல் தள்ளி, மேலே பிளாஸ்திரி ஒட்டிவிடுவார். கேமரா விற்கும் நாள் வரை அது பிரியாது. உன் கேமராவுக்கும் அந்தப் பிளாஸ்திரி வேலைதான் தேவை.

முதலில் லென்ஸ். 70-200-இல் பக்கவாட்டில் வரிசையாக ஸ்விட்சுகள் இருக்கின்றன. ஏஎஃப்/எம்எஃப் ஒன்று, நடுக்கம் குறைக்கும் ஸ்டெபிலைசர் ஒன்று, அப்புறம் எவ்வளவு கிட்டே வரை ஃபோகஸ் பிடிக்கலாம் என்று வரையறுக்கும் தூர எல்லை ஒன்று. இந்தத் தூர எல்லைதான் கள்ளன். உன் இரண்டாம் பதிப்பு லென்ஸில் 1.2 மீட்டர், 2.5 மீட்டர் என இரண்டு நிலை. 2.5-க்குத் தள்ளிப்போயிருந்தால், மணமேடையில் பக்கத்தில் நின்று எடுக்கும்போது லென்ஸ் முன்னும் பின்னும் தேடுமே தவிரப் பிடிக்காது. லென்ஸ் பழுது என்று நினைக்கத் தோன்றும். இவை எல்லாவற்றின் மேலும் டேப் ஒட்டு. செலோ டேப்பும் எலக்ட்ரிக் டேப்பும் வேண்டாம், நம் ஊர் வைகாசி வெயிலில் பசை இளகிக் கையெல்லாம் ஒட்டும். வீடியோக்காரர்கள் தரையில் கேபிளை ஒட்டும் கறுப்புத் துணி டேப் இருக்கிறதே, அதை வாங்கு. ஒரு முனையை மடித்து விட்டால் அவசரத்தில் நகத்தால் தேட வேண்டாம்.

அடுத்து கேமரா உடம்பு. உன் 5டி மார்க் 4-இன் மோட் டயலுக்கு நடுவில் பொத்தான் உண்டு, அதை அழுத்தாமல் டயல் திரும்பாது. அங்கே பயமில்லை. பின்பக்கப் பெரிய சக்கரமும் அதற்கு மேலே உள்ள ஜாய்ஸ்டிக்கும்தான் வயிற்றில் படுகிறவை. ஏவி மோடில் (லென்ஸ் திறப்பை நீ வைக்க, ஷட்டர் வேகத்தைக் கேமரா பார்த்துக்கொள்ளும் முறை) அந்தச் சக்கரம் ஒரு சுற்று நகர்ந்தால் எக்ஸ்போஷர் காம்பன்சேஷன், அதாவது வெளிச்சத் திருத்தம் ஏறிவிடும், பட்டுப்புடவை வெளுத்துப்போகும். சக்கரத்துக்குக் கீழே லாக் ஸ்விட்ச் இருக்கிறது பார். எதையெதை அது பூட்ட வேண்டும் என்று மெனுவில் 'மல்டி ஃபங்ஷன் லாக்' பகுதியில் நீயே டிக் செய்யலாம். பெரிய சக்கரம், ஜாய்ஸ்டிக், ஃபோகஸ் பகுதியை மாற்றும் ஏஎஃப் ஏரியா பொத்தான் மூன்றையும் பூட்டு. ஷட்டர் அருகில் உள்ள முன் டயலைப் பூட்டாதே. நாள் முழுக்க விரல் திருப்புகிற ஒன்றைப் பூட்டினால், தாலி கட்டும் நொடியில் நீயே கேமராவோடு மல்லுக்கட்டுவாய். பூட்டியிருக்கும்போது திருப்பினால் வியூஃபைண்டரில் எல் என்று தெரியும். உதவிக்கு வரும் தம்பியிடமும் சொல்லி வை, இல்லாவிட்டால் டயல் கெட்டுப்போச்சு அக்கா என்று ஓடிவருவான்.

நீ ஷட்டரில் இல்லாமல், பின்பக்க ஏஎஃப்-ஆன் பொத்தானில் மட்டும் ஃபோகஸ் வைத்திருக்கிறாய், நல்ல பழக்கம். ஆனால் அந்தத் தம்பி கையில் கேமராவைக் கொடுத்தால் அவன் ஷட்டரைப் பாதி அழுத்திவிட்டு ஃபோகஸ் ஆகிவிட்டது என்று எடுத்துத் தள்ளுவான். மோட் டயலில் சி1, சி2, சி3 என்று நம் அமைப்புகளைப் பதிந்து வைக்கும் இடங்கள் இருக்கின்றன. அவனுக்கென்று சி3-ஐ, ஷட்டரைப் பாதி அழுத்தினாலே ஃபோகஸ் ஆகும் சாதாரண முறையில் பதிந்து வை.

சி1-ஐ உன் வீடு மாதிரி வைத்துக்கொள். மண்டபத்துக்கான எல்லாவற்றையும், ஏஎஃப் முறை, புள்ளி, ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்), வெள்ளைச் சமநிலை, ராவ் உட்பட, அமைத்துவிட்டு சி1-இல் பதிந்துவிடு. அந்த மெனுவிலேயே 'ஆட்டோ அப்டேட் செட்' என்று வரும், அதை நிறுத்தி வை. அப்போது நடுவில் எது தவறி மாறினாலும் கேமராவை அணைத்துப் போட்டால் பதிந்தபடியே திரும்பிவிடும். இதில் ஒரு வில்லங்கம் உண்டு. தானாக அணையும் நேரம் வந்து கேமரா தூங்கினாலும் பழையபடி போய்விடும். நீ வேண்டுமென்றே ஐஎஸ்ஓ-வை 3200-க்கு ஏற்றியிருப்பாய், ஐயர் மந்திரம் நீளும், கேமரா தூங்கும், விழித்ததும் 800. அதனால் ஆட்டோ பவர் ஆஃப் நேரத்தை நீட்டி வை, கூட ஒரு பேட்டரி எடுத்துக்கொள்.

வியூஃபைண்டர் ஓரத்தில், நம் கண் பார்வைக்கு ஏற்பத் திருப்பும் சின்ன டயாப்டர் குமிழியை யாரும் நினைப்பதே இல்லை. பையில் உருண்டு திரும்பிவிட்டால் பார்ப்பதெல்லாம் மங்கல். கீழே தெரியும் எண்களைப் பார். எண்களும் மங்கலாக இருந்தால் குமிழி, எண்கள் தெளிவாக இருந்து ஆள் மட்டும் மங்கலாக இருந்தால் ஃபோகஸ். அந்தக் குமிழிக்கும் துண்டு டேப்.

மிரர்லெஸ் ஆர்6 வாங்கப் போவதாகச் சொன்னாய். வாங்கு, ஆனால் நீ இடது கண்ணால் பார்க்கிறவள். மூக்கு நேராகத் திரையில் படும், திரையை விரலால் தொட்டு இழுத்து ஃபோகஸ் புள்ளியை நகர்த்தும் டச் அண்ட் டிராக் ஏஎஃப் இயங்கிக்கொண்டிருந்தால் மூக்கே ஃபோகஸ் புள்ளியை மூலைக்குத் தள்ளிவிடும். ஒன்று அதை நிறுத்து, இல்லை என்றால் தொடும் பகுதியை இடது பாதியோடு சுருக்கி, பொசிஷனிங்கை ரிலேட்டிவ் (தொட்ட இடத்துக்குத் தாவாமல் இழுத்த அளவுக்கு மட்டும் நகர்வது) என்று வை. என்னைக் கேட்டால் நிறுத்திவிடுவதே மேல்.

ஆடிப்பெருக்குக்கு வா. காவிரியில் தண்ணீர் வந்துவிட்டது. பகவத் படித்துறையில் காதோலை கருகமணி விடும் கூட்டத்தில் ஒரு காலை முழுக்க நெருக்கித் தள்ளப்பட்டு எடுத்துப் பார், எந்த டேப் நிற்கிறது, எந்தப் பூட்டு தடுக்கிறது என்று மண்டபத்துக்கு முன்பே தெரிந்துவிடும். வரும்போது 70-200-ஐயும் கொண்டுவா, அந்த ஏஎஃப் ஸ்விட்ச் தளர்ந்திருக்கிறதா என்று நானும் தொட்டுப் பார்க்கிறேன். துணி டேப் இங்கே வாங்கி வைக்கிறேன், நீ அங்கே வாங்கி அலையாதே.

பஸ் ஏறுமுன் போன் பண்ணச் சொல்கிறாள் அம்மா.

அப்பா
கும்பகோணம்