கவிழ்த்துப் பார்த்து வாங்கு, மகள்

உருத்திரபுரம்,
கிளிநொச்சி.

அன்பு மகளுக்கு,

நேற்று நீ அனுப்பிய சோபாவின் படத்தைப் படுக்கப் போகும்வரை எடுத்து எடுத்துப் பார்த்தேன். நிறம் வடிவாகத்தான் இருக்கிறது. வெள்ளவத்தை வீட்டின் அந்தச் சுவருக்கு அது பொருந்தும் என்று நீ சொன்னதும் சரி. ஆனால் மகள், முன்பணம் கட்டுவதற்கு முன் இந்தக் கடிதத்தை ஆறுதலாக இருந்து வாசி. தொலைபேசியில் சொன்னால் "சரி அம்மா, சரி அம்மா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

நீ யாழ்ப்பாணத்தில் பல்கலைக்கழகத்தில் படித்த நாட்களில் எங்கள் வீட்டில் ஒரு சோபா செட் இருந்தது, நினைவிருக்கிறதா? ஒரு விடுமுறைக்கு வந்தபோது பார்த்தாய், அடுத்த விடுமுறைக்கு அது இல்லை. ஒருவருக்குக் கொடுத்துவிட்டோம் என்று சொன்னேன். அது பொய். இப்போது உண்மையைச் சொல்கிறேன்.

போருக்குப் பிறகு வந்த இந்திய வீட்டுத்திட்டத்தில் கிடைத்த 550,000 ரூபாவோடு என் சங்கிலியையும் அடகு வைத்து 2013இல் இந்த வீட்டை ஒருவாறு முடித்தோம். தறப்பாளுக்குக் கீழே இருந்து எழுந்த பிறகு, வருகிறவர்களை ஒரு நல்ல இருக்கையில் இருத்த வேண்டும் என்று எனக்கு அவ்வளவு ஆசை. அடுத்த ஆண்டு காலபோக நெல் விற்ற காசை முன்பணமாகக் கொடுத்து, மீதியை 24 மாதத் தவணைக்கு எழுதி எடுத்தோம். கடையில் அது பளபளவென்று நின்றது. கையால் தடவிப் பார்த்தேன், மெத்தென்று இருந்தது. வேறு எதையும் பார்க்கவில்லை. பதினெட்டாவது தவணை கட்டிய கிழமை நடு இருக்கை உள்ளே இறங்கிவிட்டது.

ஒட்டுசுட்டானிலிருந்து பெரியமாமா வந்தார். அவர் நாற்பது வருடம் உளி பிடித்த ஓடாவி என்பது உனக்குத் தெரியும். வந்தவர் தேநீரைக்கூடக் குடிக்கவில்லை. சோபாவைக் கவிழ்த்து, அடியில் அடித்திருந்த கறுப்புத் துணியை பிளேட்டால் கீறித் திறந்தார். உள்ளே நல்ல மரமென்று ஒரு துண்டும் இல்லை. சாமான் வந்த பெட்டிகளை உடைத்த பலகைகள். ஒன்றில் பாதி அழிந்த சீன எழுத்துகூட இருந்தது. பலகையோடு பலகை சேர்ந்த இடமெல்லாம் ஸ்டேப்பிள் கம்பி மட்டும். பசையும் இல்லை, திருகாணியும் இல்லை. கால்களை, மரத்தூளையும் பசையையும் அழுத்திச் செய்த பலகையில் பூட்டியிருந்தார்கள். நான் நாள்தோறும் நிலம் துடைத்த ஈரத்தில் அந்தப் பலகை பிட்டுப்போல ஊதிப் போயிருந்தது. ஸ்பொஞ்சை மாமா விரலால் நசுக்கினார், மஞ்சள் பொடியாக உதிர்ந்தது. வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "தங்கச்சி, மேலே தடவிப் பார்த்து வாங்கியிருக்கிறாய்" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

கடைக்காரர் உத்தரவாதம் துணிக்கு மட்டும்தான் என்றார். மீதி ஆறு தவணையையும் கட்டி முடித்தோம், உட்காராத கதிரைக்கு. அந்தக் காசு உன் விடுதிச் செலவுக்கு எவ்வளவு உதவியிருக்கும் என்று நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு வேகும்.

அன்று பின்னேரம் மாமா எனக்குச் சொல்லித் தந்ததைத்தான் உனக்கு எழுதுகிறேன். கடைக்குப் போனதும் சோபாவின் முன்பக்க மூலை ஒன்றை ஒரு சாண் உயரம் தூக்கிப் பார். அடுத்த முன்காலும் கூடவே நிலத்தை விட்டு எழும்ப வேண்டும். நீ தூக்கத் தூக்க அந்தக் கால் நிலத்திலேயே நின்றால் சட்டம் முறுகுகிறது என்று பொருள். அப்படியானால் எவ்வளவு வடிவாக இருந்தாலும் விட்டுவிட்டு வா. பிறகு மருமகனைப் பிடிக்கச் சொல்லிக் கவிழ்த்துப் பார். அடியில் துணி இருந்தால் அதன் ஒரு ஓரத்தைத் திறந்து காட்டச் சொல். நல்ல வேலை செய்த கடைக்காரர் சந்தோஷமாகத் திறப்பார். மூலைகளில் முக்கோணமாக ஒரு கட்டை வைத்துப் பசை போட்டுத் திருகாணி முடுக்கியிருக்க வேண்டும். சட்டத்தோடு சட்டம் சேருமிடத்தில், ஒன்றில் துளை பொளித்து மற்றதன் நுனியைச் செதுக்கி அதற்குள் இறுக்கியிருந்தால் அது ஓடாவி செய்த பொருள். கம்பி மட்டும் தெரிந்தால் அது நான் வாங்கியது.

வெள்ளவத்தையில் கடல் காற்று வேறு. உன் வீட்டு யன்னல் கொளுக்கிகள் எப்படித் துருப்பிடித்தன என்று நீதானே சொன்னாய். கம்பியால் மட்டும் நிற்கிற சோபா அங்கே எங்கள் சோபாவைவிடக் கெதியாக விழும். இரும்புக் கால் என்றால் வேண்டாம், மரக்காலே பார்.

மெத்தை மேலே புதிதாக இருக்கும்போது எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும். உறையின் சிப்பைத் திறந்து ஸ்பொஞ்சைக் கையில் எடுத்துப் பார். ஸ்பொஞ்சின் அடர்த்தியை ஒரு கனமீற்றருக்கு இத்தனை கிலோ என்று சொல்வார்கள். தினமும் இருக்கிற இருக்கைக்கு 30க்குக் குறையக் கூடாது. கடையில் அந்தக் கணக்குத் தெரியாது என்றால் நீயே நிறுத்துப் பார்க்கலாம். 20 அங்குல நீள அகலமும் 5 அங்குலத் தடிப்பும் உள்ள மெத்தை, உறை இல்லாமல் ஏறக்குறைய ஒரு கிலோ வர வேண்டும். அரைக் கிலோதான் வருகிறதென்றால் நீ காசு கொடுப்பது காற்றுக்கு. இன்னொன்று, இரண்டு நிமிடம் மட்டும் இருந்து பார்த்துவிட்டு எழும்பாதே. வீட்டில் எப்படி இருப்பாயோ அப்படிப் பத்து நிமிடம் இரு. மருமகனுக்கு முழங்கால் நோ இருக்கிறது, இருக்கை தாழ்வாக இருந்தால் ஒவ்வொரு முறையும் கையூன்றித்தான் எழும்ப வேண்டி வரும்.

மரத்தைப் பற்றி நிறையச் சொல்ல ஆசை. விலைச் சீட்டில் "தேக்கு" என்று இருக்கிறதா, "தேக்கு நிறம்" என்று இருக்கிறதா என்று பார். இரண்டும் ஒன்றல்ல. ரப்பர் மரம் என்றால் முகம் சுளிக்காதே, மருந்து ஏற்றிப் பதப்படுத்தியிருந்தால் நல்ல மரம்தான். பதப்படுத்தாவிட்டால் உளுத்துவிடும். காலுக்கடியில் மாவுபோலத் தூள் கொட்டியிருந்தால் பூச்சி உள்ளே இருக்கிறது. பலகையின் மேலே ஓடுகிற வரி அதன் விளிம்பிலும் தொடர வேண்டும். விளிம்பில் சட்டென்று நின்றால் மேலே ஒட்டியிருப்பது கடதாசி அளவு தடிப்பான தோல். மீள்குடியேறிய காலத்தில் அவசரத்துக்குப் பச்சை மரத்தில் கதவு போட்டவர்களைக் கேட்டுப் பார், ஒரு சித்திரை வெயிலுக்கே கதவுகள் முறுகி நின்றன. எங்கள் பின் யன்னல் இன்றைக்கும் பூட்டுவதில்லை.

நீ சாதாரண தரப் பரீட்சைக்கு நிலத்தில் இருந்து படித்த அந்தப் பதிந்த மேசை உனக்குத் தெரியும். அது முதலில் பதிந்த மேசை அல்ல. நீ பிறந்த வருடம் மாமா முதிரையில் செய்து தந்த உயரமான மேசை. முதிரைக்கு மஞ்சள் நிறமும் பட்டுத்துணிபோல ஒரு மினுக்கமும் உண்டு. வெள்ளைக்காரர்கூட அந்த மினுக்கத்தைப் பார்த்துத்தான் சாட்டின்வுட், அதாவது பட்டு மரம், என்று பெயர் வைத்தார்கள். 2008 கடைசியில் போரில் இடம்பெயர்ந்து நாங்கள் தர்மபுரம் பக்கம் வெளிக்கிட்டபோது உழவு இயந்திரத்தில் அதற்கு இடமில்லை, முற்றத்தில் விட்டுவிட்டுப் போனோம். 2010இல் திரும்பி வந்தபோது கூரையும் இல்லை, கதவும் இல்லை. மேசை மாமரத்தடியில் சரிந்து கிடந்தது. இரண்டு மாரி மழை அதன் மேலே பெய்திருந்தது. பொலிஷ் போய்ச் சாம்பல் நிறமாகியிருந்தது. ஒரு காலின் அடியில் மட்டும் கறையான் தின்றிருந்தது. மாமா பார்த்துவிட்டு, அந்தக் காலில் மரத்தின் வெளிப்பக்க வெள்ளையை விட்டது தன் பிழை என்றார். வைரம் பாய்ந்த இடம் எதையும் கறையான் தொடவில்லை. பொருத்துகள் ஒன்றும் அசையவில்லை. நாலு காலையும் ஒரே அளவாக வெட்டிப் பதித்தார், சரியாக நின்றது. இன்று காலையும் அதன் மேலேதான் தேநீரை வைத்துவிட்டு இதை எழுதுகிறேன்.

உனக்கு முதிரை தேடச் சொல்லவில்லை. காட்டில் அது அருகி வருகிறது. மலிவாகத் தருகிறேன் என்று யாரும் சொன்னால், அனுமதிச் சீட்டு இல்லாமல் தறித்த மரமாக இருக்கலாம், அதைத் தொடாதே. உனக்கு இன்னொரு வழி இருக்கிறது. காலி வீதியில் 101ஆம் இலக்க பஸ்ஸில் ஏறினால் மொறட்டுவை. தளபாடத்துக்குப் பெயர்போன ஊர். பட்டறைக்கே போய், துணி போர்த்துவதற்கு முன், பொலிஷ் பூசுவதற்கு முன், வெறும் சட்டத்தைக் காட்டச் சொல். புட்டிப் பசையால் அடைத்த துளைகளும் வெடிப்புகளும் அப்போதுதான் தெரியும். கடையில் செட்டாக வாங்குகிற காசுக்கு அங்கே மூன்று பேர் இருக்கிற ஒன்று மட்டுமே வரலாம். அந்த ஒன்றை வாங்கு. மிச்ச இடத்துக்கு அவசரமில்லை, வருகிறவர்கள் பாயில் இருப்பார்கள். நாங்கள் எத்தனை வருடம் இருந்தோம்.

தவணைக்கு எடுப்பதானால் மாதக் கணக்கைப் பார்க்காதே, எல்லாத் தவணையையும் கூட்டி, கைக்காசு விலையோடு வைத்துப் பார். உன் படியையும் வாசலையும் அளந்து எழுதிக்கொண்டு போ. மூன்றாம் மாடிக்கு ஏறாத சோபாவைத் திருப்பி அனுப்பினால் கூலி உன் தலையில்தான்.

பெரியமாமா வருகிற வியாழக்கிழமை இங்கே வருகிறார், கண் மங்கியிருக்கிறது, ஆனாலும் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினால் பார்ப்பார். அதற்குள் கடைக்குப் போய், சோபாவைக் கவிழ்த்து, அடிப்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பு.

அன்புடன்,
அம்மா