ஹாட் கிரீக்கில் லாயத்தை முன்னால் கொண்டுவாருங்கள்

ஹாட் கிரீக் வரலாற்றுத் தளத்தை நடத்துவோருக்கும், பிரிட்டிஷ் கொலம்பிய அரசின் பாரம்பரியப் பிரிவுக்கும்,

வணக்கம்.

கனடாவின் கேஷ் கிரீக் ஊரைத் தாண்டி 97-ம் நெடுஞ்சாலையில் வடக்கே கொஞ்ச தூரம் போனால் வரும் உங்கள் பழைய சத்திரம், 1860-களின் தங்க வேட்டைக்காகப் போட்ட கரிபூ வண்டிப்பாதையில் இன்றும் மிஞ்சியிருக்கும் சில நிறுத்தங்களில் ஒன்று. அதை இடியவிடாமல் காத்து வைத்திருப்பதற்கு முதலில் நன்றி. கேட்க வந்தது ஒன்றுதான். அங்கே சொல்லும் கதையில் தங்கத்தைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளி, லாயத்தை முன்னால் கொண்டுவாருங்கள்.

வருகிற குழந்தைகள் தட்டில் மணலை அலசித் தங்கம் தேடுவது சந்தோஷமான விளையாட்டுதான். ஆனால் ஹாட் கிரீக்கின் பிழைப்பு தங்கம் தோண்டுவதில் இல்லையே! 1862-ல் பில்லி பார்க்கர் தங்கம் கண்ட வில்லியம்ஸ் கிரீக், அங்கிருந்து வடக்கே பல நாள் வண்டிப் பயணம். ஹாட் கிரீக்கில் விற்றது படுக்கை, சாப்பாடு, ஓட்ஸ், உலர்ந்த புல். தோல் வணிகம் செய்த ஹட்சன் பே கம்பெனி வேலையை விட்டு வந்த டொனால்ட் மெக்லீன் 1860-களின் தொடக்கத்தில் மரவீடு கட்டியது, வழிப்போக்கர்களை நம்பித்தான். 1864-ல் சில்கோடின் என்ற முதற்குடி மக்களோடு நடந்த போரில் அவர் கொல்லப்பட்டார். சத்திரம் கைமாறிக் கைமாறி நடந்தது. தங்க வேட்டை ஓய்ந்த பிறகும் நடந்தது. எப்படி என்பதற்கு விடை லாயத்தில் இருக்கிறது.

ஆளுநர் ஜேம்ஸ் டக்ளஸ் உத்தரவில் 1862-ல் தொடங்கிய அந்தப் பாதை, 1865-ல், பார்க்கர் தங்கம் கண்ட இடத்தில் எழுந்த பார்க்கர்வில் ஊரைத் தொட்டது. தெற்கே பாதை தொடங்கிய யேல் ஊரிலிருந்து சுமார் 400 மைல். அந்தத் தூரத்தை எந்தக் குதிரையாலும் ஒரே மூச்சில் இழுக்க முடியாது. கடிதங்களையும் பயணிகளையும் ஏற்றிச் சென்ற பிரான்சிஸ் பார்னார்டின் பி.எக்ஸ். (பார்னார்டு எக்ஸ்பிரஸ்) கம்பெனி ஏறத்தாழ 18 மைலுக்கு ஒருமுறை குதிரை மாற்றியது. பார்னார்டு முதலில் கடிதங்களை முதுகில் சுமந்து நடந்தவர் என்பதால், தூரத்தின் விலை அவருக்கு நன்றாகவே தெரிந்திருக்கும்.

வண்டி வருவதற்குள் லாயக்காரர் அடுத்த குதிரைகளைத் தேய்த்து, தீனி காட்டி, சேணம் மாட்டித் தயாராக வைத்திருக்க வேண்டும். வியர்த்து வந்தவற்றை அவிழ்த்து நடத்தி ஆற்ற வேண்டும். பி.எக்ஸ். குதிரைகள் பல சரியாகப் பழகாதவை. பயணிகள் ஏறி உட்கார்ந்த பிறகுதான் அவற்றைப் பூட்டுவார்கள். பூட்டிய கையோடு வண்டி பாய்ந்துவிடும். பனிக்காலத்தில் சக்கர வண்டிக்குப் பதில் சறுக்கு வண்டி. ஓட்டுநராக இருந்து பின்னாளில் கம்பெனியையே கையில் எடுத்த ஸ்டீவ் டிங்லி, ஹாட் கிரீக்கையும் வாங்கினார். தொழில் தெரிந்தவர், எதை வாங்கவேண்டும் என்று அறிந்தே வாங்கியிருக்கிறார்.

டிங்லியின் பெயர் எல்லோருக்கும் தெரியும். சாணி அள்ளியவர், லாடம் அடித்தவர், விடியுமுன் அடுப்பு மூட்டியவர் பெயர்தான் எங்கும் காணோம். பாதை போட்டவர்களிலும் சத்திரச் சமையலறைகளிலும் சீனர்கள் இருந்தார்கள். சத்திரம் இருக்கும் போனபார்ட் ஆற்றங்கரை, செக்வெபெம் என்ற முதற்குடி மக்களின் மண். பாதை வேலை தொடங்கிய அதே 1862-ல்தான் பெரியம்மை இந்த மாகாணத்து முதற்குடிகளை ஊர் ஊராகச் சாய்த்தது. தளத்தில் அவர்கள் மண்ணைத் தோண்டிக் கட்டும் குழிவீடு இருக்கிறது, நல்லது. ஆனால் அந்த மக்களை அங்கே மட்டும் நிறுத்திவிட்டு, சத்திரத்துக்குள் வந்ததும் வெள்ளையர் கதையை மட்டும் சொன்னால் அது பாதிக் கதைதான். அந்தப் பக்கத்துப் பண்ணைகளில் மாடு மேய்த்ததிலும் குதிரை பழக்கியதிலும் அவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. அதை எப்படிச் சொல்வது என்று அந்த ஆற்றங்கரையில் வாழும் போனபார்ட் செக்வெபெம் மக்களே முடிவு செய்யட்டும்.

அப்புறம், நடைமுறையில் நான் கேட்பது இவ்வளவுதான். சுற்றுலாக் காலத்தில் ஒரு நாளைக்கு ஒரு தடவையாவது குதிரை மாற்றும் வேலையை முழுசாகச் செய்து காட்டுங்கள். பூட்டுவது, அவிழ்ப்பது, ஆற்றுவது எல்லாம். பழைய கணக்கேடுகள் எங்கே கிடைத்தாலும், கூலி வாங்கியவர்கள் பெயர் இருக்கும் பக்கங்களைப் படியெடுத்து லாயத்தில் மாட்டுங்கள். தங்கம் அலசும் தொட்டி இருக்கட்டும், குழந்தைகளின் சந்தோஷத்தைக் கெடுக்க வேண்டாம். பக்கத்தில் ஒரு பலகை வைத்து, தங்கம் இருந்த இடத்துக்கு அங்கிருந்து எத்தனை முறை குதிரை மாற்ற வேண்டியிருந்தது என்று எழுதிவிட்டால் போதும்.

அன்புடன்,
உங்கள் தளத்தை நேசிக்கும் ஒரு வாசகர்