குகைக்குள் இருக்கும்போது நெட் கேட்காதீர்கள்

மதிப்பிற்குரிய நிறுவனத்தாருக்கு,

வணக்கம். உங்கள் பெயரையும் அந்த கேமின் பெயரையும் இங்கே எழுதவில்லை. மூடுபனித் தீவு, அணைந்து கிடக்கும் கலங்கரை விளக்கம், எண்ணெய் விளக்கை ஏந்திக்கொண்டு அண்ணனைத் தேடிப் போகும் பெண் என்று சொன்னாலே உங்களுக்குத் தெரிந்துவிடும். போன மாத அப்டேட்டில், நெட் இருந்தால்தான் கேம் ஓடும் என்று மாற்றிவிட்டீர்கள் என்பதும் உங்களுக்குத் தெரியும். அதைப் பற்றி உங்கள் உதவிப் பிரிவுக்கு வந்த புகார்களில் மூன்று என்னுடையவை. ஆகவே முன்கதை வேண்டாம். கேட்க வந்தது ஒன்றுதான்: ஒரே ஆள் விளையாடும் கேமை நெட் இல்லாமல் விளையாட விடுங்கள்.

நான் தென்காசியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பகல் முழுக்க மிஷின் சத்தம், பட்டா நகல், ஆதார் நகல், சான்றிதழ் விண்ணப்பம், 'அண்ணே எனக்கு மட்டும் ஒண்ணு போட்டுக் குடுத்துருங்க, பஸ்ஸுக்கு நேரமாச்சு'. ராத்திரி பதினொரு மணிக்கு மேல் பிள்ளைகள் தூங்கிய பிறகுதான் லேப்டாப்பைத் திறப்பேன். சுடுகிற கேம், பந்தய கேம் எதுவும் எனக்கு ஒத்துவராது. ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு ஆளில்லாத இடத்தில் மெதுவாக நடக்க வேண்டும், காற்றைக் கேட்க வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை. இந்த வயதில் இதெல்லாம் தேவையா என்று வீட்டில் கேட்டாயிற்று. நீங்களும் கேட்க வேண்டாம்.

உங்கள் கேமின் முதல் இரண்டு மணி நேரத்தைப் பற்றி நல்லதாகத்தான் சொல்ல முடியும். அந்தப் பெண் ஈர மரப்படியில் கால் வைக்கும் சத்தமும் காய்ந்த படியில் வைக்கும் சத்தமும் வேறு வேறு. விளக்கில் எண்ணெய் குறையக் குறைய அவள் மூச்சு மாறுகிறது. இதையெல்லாம் யாரோ உட்கார்ந்து யோசித்துச் செய்திருக்கிறார்கள். அந்த ஆட்களின் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. இந்தக் கடிதம் அவர்கள் மேசைக்குப் போகாது என்பதும் தெரியும்.

இந்த வகை கேம்களோடு எனக்கு ஓரளவு பழக்கம் உண்டு. 1999-இல் வந்த சைலன்ட் ஹில்லில் ஊர் முழுக்கப் பனி. அன்றைய பிளேஸ்டேஷனால் தூரத்துத் தெருவை வரைய முடியாது, அந்தக் குறையை மறைக்கப் பனியைப் போட்டார்கள். அந்தப் பனிதான் இன்றைக்கும் பேசப்படுகிறது. கையில் ஒரு ரேடியோ இருக்கும். ஏதாவது பக்கத்தில் வந்தால் அது கரகரக்கும், ஆனால் எதுவும் கண்ணில் படாது. 2005-இல் வந்த ஷேடோ ஆஃப் தி கொலோசஸில் பதினாறு பூதங்கள், அவற்றைத் தவிர வேறு எதிரியே கிடையாது. ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் நடுவே வெறும் நிலமும் குளம்புச் சத்தமும்தான். நாம் ஏறிப்போகும் குதிரை சில நேரம் சொன்ன பேச்சைக் கேட்காது. எனக்கு முதலில் எரிச்சலாக வந்தது. அப்புறம், குதிரை என்றால் அப்படித்தானே இருக்கும் என்று தோன்றியது. 2016-இல் டென்மார்க்கிலிருந்து வந்த இன்சைடில் ஒரு வார்த்தை வசனம் இல்லை. அதன் ஒலியமைப்பாளர் நிஜ மனித மண்டையோட்டின் வழியாக ஒலியைச் செலுத்தி, அந்த அதிர்வைப் பதிவு செய்து சேர்த்தாராம். ஏன் அந்தச் சத்தமெல்லாம் நம் தலைக்குள்ளிருந்து வருவதுபோல இருந்தது என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

ஏலியன்: ஐசோலேஷன் 2014-இல் வந்தது. அதில் சேவ் செய்வதே, அதாவது விளையாடிய இடத்தைப் பதிந்து வைப்பதே, ஒரு கண்டம். சுவரில் இருக்கும் அவசரத் தொலைபேசியைத் தேடிப் போய், அட்டையைச் செருகி, விளக்குகள் ஒவ்வொன்றாக எரியும்வரை சில விநாடி நிற்க வேண்டும். நிற்கும்போதே பின்னாலிருந்து அந்த வேற்றுக்கிரக ஜந்து வந்து அடித்துவிடலாம். சேவ் பட்டனைக்கூடப் பயத்துக்குள் கொண்டுவந்து வைத்தவர்கள் அவர்கள். நீங்கள் உங்கள் சேவ் ஃபைலை எங்கே கொண்டுபோய் வைத்தீர்கள்? கடல் தாண்டி ஏதோ ஒரு சர்வரில்.

சரி, நடந்ததைச் சொல்கிறேன்.

எங்கள் ஊரில் இப்போது சாரல் காலம். மேற்கே மலையில் காற்று எழுந்தால் இங்கே மரக்கிளை கம்பியில் உரசும், கரண்ட் போகும், ஐந்து நிமிடத்தில் வரும், மறுபடி போகும். இதில் யாரையும் குறை சொல்ல முடியாது. வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது, லேப்டாப்பில் பேட்டரி இருக்கிறது, மோடமும் இன்வெர்ட்டரில்தான் ஓடுகிறது. ஆனால் தெருக்கோடிக் கம்பத்தில் கேபிள்காரர் மாட்டியிருக்கும் பெட்டிக்குள் பேட்டரி செத்துப்போய்விட்டது. கரண்ட் போனால் தெருவுக்கே நெட் இல்லை. ராத்திரி பதினொன்றே முக்காலுக்கு அவரைக் கூப்பிட்டுக் கேட்டேன். 'கரண்டு வந்தா நெட்டும் வந்துரும்ணே, தூங்குங்க' என்றார். நியாயமான யோசனை.

கேமில் கடலடிக் குகை வரும் இடம் உங்களுக்குத் தெரியும். உள்ளே நுழைந்தால் நாற்பது நிமிடத்துக்குச் சேவ் கிடையாது. அன்றைக்கு நான் நுழைந்து முப்பது நிமிடத்துக்கு மேல் ஆகியிருந்தது. விளக்கில் கால்வாசிதான் எண்ணெய். இடதுபக்கம் எங்கோ தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது, திடீரென்று நின்றுவிட்டது. சொட்டு நின்றால், அதற்குக் கீழே ஏதோ வந்து நிற்கிறது என்று அர்த்தம். யாரும் சொல்லித்தரவில்லை, நானாகவே கண்டுபிடித்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு விளக்கைத் தணித்தேன். அந்த நேரம் பார்த்து வீட்டில் கரண்ட் போனது. இன்வெர்ட்டர் டக்கென்று மாறியது, ஃபேன் ஒரு நொடி தயங்கிவிட்டுச் சுற்றியது. திரையில் குகை அப்படியே இருக்கிறது, அவள் நிற்கிறாள், எதுவும் அறுபடவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று எண்ணுவதற்குள், அந்த இருட்டின் நடுவில் பளீரென்று ஒரு வெள்ளைப் பெட்டி. 'சர்வருடனான இணைப்பு துண்டிக்கப்பட்டது' என்று ஆங்கிலத்தில் எழுதி, கீழே ஒரே ஒரு பட்டன்: ஓகே. ஓகே இல்லை என்று சொல்ல இடமில்லை. அழுத்தினால் முகப்புப் பக்கம், கலங்கரை விளக்கம், வயலின்.

மறுநாளும் குகை வாசலிலிருந்து ஆரம்பித்தேன். இருபது நிமிடம் தாங்கியது. அதற்கடுத்த நாள் இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனேன், முக்கால் கிணறு தாண்டிய கதைதான்.

இங்கே நீங்கள் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். போன நிமிடங்களுக்காக நான் அழவில்லை. மூன்றாவது தடவை போகும்போது சொட்டு எங்கே நிற்கும் என்று எனக்குத் தெரியும். எந்தப் பாறைக்குப் பின்னால் நிழல் அசையும் என்று தெரியும். விளக்கைத் தணிக்கவேயில்லை. பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து போவது மாதிரி விறுவிறுவென்று போனேன். அடிதடி கேமில் ஒரே இடத்தில் பத்து முறை செத்தால் கை தேறும். இந்த மாதிரி கேமில் ஒரு இடம் ஒரு தடவைதான் பயமுறுத்தும். அந்த ஒரு தடவையை உங்கள் வெள்ளைப் பெட்டி தின்றுவிட்டது. நான் கொடுத்த 2,499 ரூபாயைத் திருப்பிக் கொடுத்தாலும் அது எனக்குத் திரும்பக் கிடைக்காது.

உங்கள் உதவிப் பிரிவிலிருந்து வந்த முதல் பதில், மோடத்தை ஒருமுறை அணைத்துப் போடச் சொன்னது. இரண்டாவது, நிலையான இணைப்பு உள்ள இடத்தில் விளையாடும்படி அன்புடன் கேட்டுக்கொண்டது. வீடு மாற்றச் சொல்கிறீர்களா, இல்லை கம்பத்துக்குக் கீழே நாற்காலி போட்டு உட்காரச் சொல்கிறீர்களா என்று கேட்டு எழுதினேன். அந்தப் புகார் 'தீர்க்கப்பட்டது' என்று மூடப்பட்டுவிட்டது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. கடையில் நாளைக்கு ஐந்து பேருக்காவது நான் சொல்லும் வாக்கியம், 'சர்வர் டவுன், நாளைக்கு வாங்க'. சான்றிதழுக்கு வந்த பாட்டி, உதவித்தொகைக்கு வந்த மாணவன் எல்லோரும் அதைக் கேட்டுவிட்டு ஒன்றும் சொல்லாமல் படியிறங்கிப் போவார்கள். அந்த வேலைக்குச் சர்வர் வேண்டும், ஒத்துக்கொள்கிறேன். இல்லாத ஒரு தீவில், இல்லாத ஒரு பெண் இருட்டில் நடப்பதற்கு எதற்குச் சர்வர்?

நீங்கள் காரணம் சொன்னீர்கள். உலகெங்கும் விளையாடுகிறவர்கள் விட்டுச்சென்ற விளக்குகள் இனி எங்கள் தீவிலும் தெரியுமாம். அழகான யோசனைதான், மறுக்கவில்லை. 2012-இல் ஜர்னி என்ற கேமில் இதைவிட அழகாகச் செய்தார்கள். பாலைவனத்தில் முகம் தெரியாத யாரோ ஒருவர் கூட வருவார். பேச முடியாது, ஒரு மணியோசை மாதிரி கூப்பிட மட்டும் முடியும். அவர் பெயர்கூடக் கடைசியில்தான் தெரியும். நெட் இல்லையென்றால் துணைக்கு ஆள் வராது, அவ்வளவுதான். தனியாக நடந்து மலையேறி முடிக்கலாம். மணலில் வெள்ளைப் பெட்டி முளைக்காது. நீங்களும் அப்படிச் செய்யலாமே. நெட் இருந்தால் விளக்குகள் தெரியட்டும், இல்லாவிட்டால் இருட்டாகவே இருக்கட்டும். நான் வந்ததே இருட்டுக்குத்தான்.

இன்னொரு காரணம் நீங்கள் வெளியே சொல்லவில்லை. திருட்டுப் பிரதியைத் தடுப்பது. கடைக்கு வரும் கல்லூரிப் பையன் ஒருவன் என் கதையைக் கேட்டுவிட்டு, பென் டிரைவை நீட்டி, 'இதுல நெட் கேக்காதுண்ணே, போட்டுக்கோங்க' என்றான். அவன் குகையைத் தாண்டி ஒரு வாரம் ஆகிறது. காசு கொடுத்தவன் வாசலில் நிற்கிறேன். வேண்டாம் என்று அவனிடம் சொல்லிவிட்டேன். எத்தனை நாளைக்குச் சொல்வேன் என்று தெரியவில்லை.

முடியாது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். 2013-இல் நகரம் கட்டும் சிம்சிட்டி கேம் வந்தபோது, கணக்கில் கணிசமான பகுதியைச் சர்வர்தான் போடுகிறது, நெட் இல்லாமல் ஓடாது என்றார்கள். 2014-இல் அதே கேமுக்கு ஆஃப்லைன் வசதியை அவர்களே கொடுத்தார்கள். தி க்ரூ கதை இன்னும் மோசம். 2014-இல் வந்த அந்த காரோட்டும் கேமின் சர்வரை 2024 மார்ச் கடைசியில் நிறுத்தினார்கள், தனியாக ஓட்டும் பகுதியும் அதோடு சேர்ந்து செத்தது. காசு கொடுத்து வாங்கியவன் வண்டிச் சாவியை வைத்துக்கொண்டு நிற்கிறான். அதிலிருந்து கிளம்பியதுதான் 'கேம்களைக் கொல்லாதீர்கள்' இயக்கம். 2025-இல் ஐரோப்பாவில் பத்து லட்சத்துக்கும் மேல் கையெழுத்துச் சேர்ந்தது. நாளைக்கு உங்கள் கடையையே நீங்கள் மூடினால் என் தீவு என்ன ஆகும்? அதையும் கொஞ்சம் எழுதிவிடுங்கள்.

எழுத உட்கார்ந்ததால் சொல்கிறேன். பனியும் வயலினுமாக இருந்த முகப்புப் பக்கத்தில் இப்போது ஒரு கடை திறந்திருக்கிறீர்கள். மழைக்காலச் சலுகையாகச் சிவப்புக் கோட்டு விற்கிறீர்கள். அண்ணனைத் தேடிக் கண்ணீரோடு வந்தவளுக்கு எதற்கு ஐயா தள்ளுபடியில் கோட்டு? டெட் ஸ்பேஸ் என்ற கேம் 2008-லேயே உயிர் எவ்வளவு மிச்சம் என்பதை ஆளின் முதுகெலும்பில் ஒளிரவிட்டது, திரையில் ஒரு கோடுகூடக் கண்ணை உறுத்தக்கூடாது என்று. உங்கள் திரையில் இப்போது மேலே மணி ஐகான், கீழே தினசரிப் பரிசு, ஓரத்தில் யாரோ எதையோ சாதித்துவிட்டாராம். சப்டைட்டில் எழுத்தோ மருந்துச் சீட்டில் காலாவதி தேதி அடித்தது மாதிரி. அதை மட்டும் பெரிதாக்க வழியில்லை. ஒவ்வொரு அப்டேட்டும் இருபது ஜிபி, எங்கள் லைனில் ஒரு ராத்திரி. அந்த இருபது ஜிபியில் எனக்கு என்ன வந்தது என்று பார்த்தால், சிவப்புக் கோட்டு.

மன்னிக்கவும், பாதை மாறிவிட்டேன். கோட்டுகளையெல்லாம் நீங்கள் தாராளமாக விற்றுக்கொள்ளுங்கள். என் கோரிக்கை பழையதுதான். ஒரே ஆள் விளையாடும் கேமை நெட் இல்லாமல் விளையாட விடுங்கள். அது உடனே ஆகாது என்றால், நெட் போனதும் வெளியே தள்ளாமல், போன இடத்திலேயே கேமை நிறுத்தி வைத்து, சேவ் ஃபைலை என் லேப்டாப்பிலேயே எழுதுங்கள். நெட் வந்ததும் உங்கள் சர்வருக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளட்டும். அதுவும் முடியாவிட்டால், அப்டேட்டுக்கு முந்தைய பதிப்புக்குத் திரும்பிப்போக ஒரு வழியாவது திறந்து விடுங்கள். நான் காசு கொடுத்தது அந்தப் பதிப்புக்கு. அன்றைக்கு விற்பனைப் பக்கத்தில் 'இணையம் தேவை' என்று எங்கேயும் இல்லை.

இப்போதும் வெளியே காற்று அடித்துக்கொண்டுதான் இருக்கிறது. அவளைக் குகை வாசலில் நிறுத்தி வைத்திருக்கிறேன். நீங்கள் பதில் எழுதும்வரை உள்ளே அனுப்பப் போவதில்லை. தயவுசெய்து ஒரு ஆள் உட்கார்ந்து படித்துவிட்டுப் பதில் எழுதுங்கள். மோடத்தை அணைத்துப் போட்டாயிற்று.

இப்படிக்கு,
தென்காசியிலிருந்து ஒரு ஜெராக்ஸ் கடைக்காரன்